நியூசிலாந்தில் வாடகைக் கார்: தாமிரபரணிக் கரை வாசகருக்கு ஒரு பதில்

அம்பாசமுத்திரம் வட்டத்திலிருந்து, பெயரும் ஊரும் வெளியில் தெரிய வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 62, கூட்டுறவு வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மகன் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் மேற்படிப்பை முடித்து அங்கேயே வேலையில் சேர்ந்திருக்கிறார். வரும் டிசம்பர் இரண்டாவது வாரத்தில் வாசகர், துணைவியார், துணைவியாரின் தம்பி, அவருடைய மனைவி என நால்வரும் புறப்பட்டு, மூன்று வாரம் தங்கி, ஜனவரி முதல் வாரத்தில் ஊர் திரும்புவதாகத் திட்டம். மகனிடம் காரும் இல்லை, ஓட்டுநர் உரிமமும் இல்லை, விடுப்பும் அதிகம் கிடைக்காது. ஆகவே ஒரு காரை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிக்கொண்டு டெக்காப்போ ஏரி, குவீன்ஸ்டவுன், மலைகளுக்கிடையே நுழையும் கடற்கழியான மில்ஃபோர்டு சவுண்டு என்று அந்நாட்டின் தென் தீவைச் சுற்றி வரலாம் என்பது வாசகரின் ஆசை.

"முப்பத்தைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன். அம்பாசிடரில் மாஞ்சோலை ஏறியவன். இன்றுவரை என் மேல் ஒரு வழக்குக்கூடக் கிடையாது. அங்கேயும் இடப்பக்கம்தானே ஓட்டுகிறார்கள், குற்றாலம் போய்வருவது போலத்தானே இருக்கும்?" என்று கேட்கிறார். துணைவியார் மட்டும் சம்மதிக்கவில்லை. அந்நிய நாட்டில் யார் மேலாவது கார் மோதிவிட்டால் கோடிக்கணக்கில் நஷ்டஈடு கேட்பார்கள், வீட்டை விற்றாலும் தீராது என்பது அவருடைய அச்சம். வாசகரின் கேள்விகள் இவை: அலைச்சல் இல்லாமல் இணையத்திலேயே 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' எடுத்துத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார், வாங்கலாமா? இங்கே தம் காருக்கு முழுக் காப்பீடு இருக்கும்போது அங்கே எதற்குத் தனிக் காப்பீடு? மைத்துனருடன் மாறி மாறி ஓட்ட, அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கூடுதல் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டுமா? விபத்து நேர்ந்தால் குறித்த நாளில் ஊர் திரும்ப விடுவார்களா? பதிலைத் துணைவியாரிடம் காட்டப் போவதாகவும், அதை மனத்தில் வைத்து எழுதும்படியும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

அன்புள்ள அண்ணாச்சி,

நான் பாளையங்கோட்டையில் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை, எங்கள் பேச்சில் சொன்னால் எம்.சி.ஓ.பி. வழக்குகளை, நடத்துகிறவன். நியூசிலாந்தில் வழக்காடும் தகுதி எனக்கில்லை. ஆனால் நீங்கள் போகப் போகும் அதே தென் தீவில் சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு வாரம் வாடகைக் கார் ஓட்டியிருக்கிறேன். தொழில் புத்தியால் அந்த நாட்டுச் சட்டங்களையும் எடுத்து வாசித்திருக்கிறேன். அந்த அளவுக்குள் நின்றே சொல்கிறேன். போகலாம், காரும் ஓட்டலாம். மூன்று நிபந்தனைகள் மட்டும்: விமானத்திலிருந்து இறங்கும் நாளில் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் கையில் சாவி போகக்கூடாது, மில்ஃபோர்டுக்கு நீங்கள் ஓட்டிப் போகக்கூடாது.

இடப்பக்கம் என்ற தைரியம்

சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் பாதிப் பயம் நீங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் அந்தத் தைரியமே ஆபத்தாக முடிந்தது. வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குப் போகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் தம்மை நம்பாமல் நிதானித்துத் திரும்புவார். நாமோ ஸ்டியரிங் பழகிய பக்கம் இருப்பதைப் பார்த்ததும், நம்மூர்ச் சாலையில் முப்பது வருடமாகப் பழகிய அத்தனையையும் கூடவே கொண்டுபோய்விடுகிறோம்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். அந்தத் தீவின் மேற்குக் கரையில் ஆறுகளும் ஓடைகளும் அதிகம். நெடுஞ்சாலைகளில்கூட ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலங்கள் பல உண்டு. நானும் ஒரு பால் டேங்கரும் எதிரெதிரே அப்படி ஒரு பாலத்தை நெருங்கினோம். சேரன்மகாதேவிப் பக்கம் வாய்க்கால் பாலத்தில் என்ன செய்வேனோ அதையே என் இடக்கை தானாகச் செய்தது: ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்தேன். "நான் வருகிறேன், நீ நில்" என்பது நம் பொருள். அந்த ஊரில் பலருக்கு அதன் பொருள் "நீங்கள் வாருங்கள்" என்பதாகும். டேங்கர்காரர் நன்றி சொல்வது போலக் கையைத் தூக்கியபடி பாலத்தில் ஏற, நானும் ஏற, நடுவில் போய் நின்றோம். நான்தான் பின்னால் எடுத்தேன். எடுத்துக்கொண்டே பார்க்கிறேன், பாலத்துக்கு முன்பே எனக்கான பலகை நட்டிருக்கிறது: சிவப்பு வளையத்துக்குள் எனக்குச் சிறிய அம்பு, எதிரில் வருபவருக்குப் பெரிய அம்பு. வழிவிட வேண்டியவன் நான். நீல நிறச் சதுரப் பலகையில் உங்கள் பக்க அம்பு பெரிதாக இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அப்போதும் எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஏற வேண்டும். முதலில் விளக்கடித்தவருக்கே வழி என்கிற நியாயம் அங்கே செல்லாது.

ரவுண்டானாவும் அப்படித்தான். வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவில் யார் முந்தி மூக்கை நுழைக்கிறாரோ அவருக்கு வழி கிடைக்கும். அங்கே வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட்டு, இடைவெளி கிடைத்த பிறகே உள்ளே போக வேண்டும்; உங்களுக்கு முறை வந்தால் மற்றவர் நிற்பார் என்பதால் தயங்கவும் வேண்டாம். ஹாரனை எச்சரிக்கைக்கு மட்டுமே பயன்படுத்துகிறார்கள். வளைவுக்கு வளைவு அடித்துக்கொண்டு போனால் எதிரே வருபவர் உங்களுக்கு ஏதோ ஆபத்து என்று எண்ணுவார். வளைவுகளுக்கு முன்னால் மஞ்சள் பலகையில் 35, 55 என்று எண் எழுதியிருக்கும். அது அந்த வளைவுக்கு உகந்த வேகம். ஊருக்கு வெளியே பொதுவான உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்பதால் வளைவிலும் 90-இல் போகலாம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். நம் நான்குவழிச் சாலையில் மதுரைக்குப் போவது போல நடுவில் தடுப்புச் சுவர் இருக்காது. பெரும்பாலான நெடுஞ்சாலைகள் போக ஒரு தடம், வர ஒரு தடம் மட்டுமே உள்ளவை. உங்கள் பக்கத்தில் முழு மஞ்சள் கோடு இருக்கும் இடத்தில் முந்தக்கூடாது. உங்களுக்குப் பின்னால் நாலைந்து வண்டி சேர்ந்துவிட்டால் பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுங்கி அவர்களை விட்டுவிடுங்கள். மெதுவாகப் போவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், வழிவிடாமல் போவதைத்தான் சொல்வார்கள்.

கிடைக்கும் கார் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியராக இருக்கும். உங்கள் இடக்கால் முப்பத்தைந்து வருடமாகக் கிளட்சைத் தேடிய கால். அவசரத்தில் அது அகலமான பிரேக் பெடலை மிதித்துவிடும், பின்னால் வருபவர் உங்கள் டிக்கியில் வந்து நிற்பார். முதல் இரண்டு நாள் இடக்காலை இருக்கைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முன் இங்கேயே தெரிந்தவரின் ஆட்டோமேட்டிக் காரில் பத்து நாள் பழகிவிட்டால் இன்னும் நல்லது. இன்னொன்று, சிறிய விஷயம்தான்: சூரியனை வைத்துத் திசை பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் மறந்துவிடுங்கள். டிசம்பரில் நமக்குத் தெற்கே சாயும் உச்சிவெயில் அங்கே வடக்கே சாய்ந்திருக்கும். நான் அரை நாள் குழம்பினேன்.

முதல் நாள் ஓட்ட வேண்டாம் என்றதன் காரணம் நேரக் கணக்கு. டிசம்பரில் அங்கே கடிகாரம் நம்மைவிட ஏழரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. காலை 8 மணிக்கு நீங்கள் கார் சாவியை வாங்கும்போது உடம்புக்கு நள்ளிரவு 12.30. அதற்கு முந்திய இரவும் விமானத்தில் கழிந்திருக்கும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்; வேளை மாறும்போது மாத்திரையை எப்படி மாற்றுவது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாளை மகன் வீட்டில் கழித்துவிட்டு மூன்றாம் நாள் காரை எடுத்தால் இரண்டு நாள் வாடகையும் மிச்சம்.

உரிமமும் பன்னாட்டு அனுமதியும்

முகவர் சொல்லும் இணைய 'இன்டர்நேஷனல் லைசென்ஸை' வாங்காதீர்கள். அப்படிப்பட்ட தளங்கள் விற்பது பெரும்பாலும் வெறும் மொழிபெயர்ப்பு அட்டைதான். சட்டத்தின் கண்ணில் அதற்கு மதிப்பில்லை. 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் வரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை, அதாவது ஐ.டி.பி.யை, நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே பெறலாம். அரசின் சாரதி இணையதளத்தில் படிவம் 4ஏ-வை நிரப்பி, 1,000 ரூபாய் கட்டணத்துடன் கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டு நகல்களைச் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். 2022-க்குப் பிறகு நாடு முழுவதும் ஒரே வடிவத்தில், கியூ.ஆர். குறியுடன் தருகிறார்கள். இதுவும் தனியாக ஓர் உரிமம் ஆகாது. உங்கள் அசல் உரிமத்தோடு சேர்த்துக் காட்டினால்தான் செல்லும்.

நியூசிலாந்துச் சட்டப்படி, குறுகிய காலம் வந்து போகிறவரின் வெளிநாட்டு உரிமம் செல்லுபடியாகும் நிலையில், ஆங்கிலத்தில் இருந்தால் போதும். நம் அட்டையில் விவரங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஐ.டி.பி. கட்டாயம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறேன். கவுண்டரில் இருக்கும் ஊழியர் கேட்டுவிட்டால் அங்கே நின்று வாதாடும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். உரிமத்தைக் கைப்பேசியில், டிஜிலாக்கரில் வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தாழையூத்தில் காவலர் நிறுத்தினால் அது செல்லும். கடல் கடந்து செல்லாது. ஓட்டும்போதெல்லாம் அசல் அட்டை உடன் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: உங்கள் உரிமம் ஜனவரி 9-ஆம் தேதியோடு முடிகிறது. திரும்பும் தேதி அதற்கு முன்னால் வருவதால் கவலை இல்லை என்று விட்டிருக்கிறீர்கள். ஐ.டி.பி. ஒரு வருடத்துக்கோ உரிமம் முடியும் நாள் வரைக்குமோ, எது முந்தியதோ அதுவரைதான் செல்லும். விமானம் ரத்தாகியோ, உடம்புக்கு முடியாமலோ ஒரு வாரம் தள்ளிப்போனால் நீங்கள் உரிமம் இல்லாத ஓட்டுநர். உரிமம் இல்லாதவருக்கு எந்தக் காப்பீடும் கை கொடுக்காது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, முடியும் தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். படிவம் 1ஏ மருத்துவச் சான்றுடன் முதலில் உரிமத்தைப் புதுப்பியுங்கள், அட்டை கைக்கு வந்த பிறகு ஐ.டி.பி.க்கு விண்ணப்பியுங்கள். மாற்றிச் செய்தால் ஐ.டி.பி. ஜனவரி 9-இலேயே நின்றுவிடும்.

காப்பீட்டில் உள்ள மூன்று தவறான எண்ணங்கள்

உங்கள் காருக்கு எடுத்த முழுக் காப்பீடு அந்தக் காருக்குத்தான், உங்களுக்கு அல்ல. அதன் எல்லையும் இந்தியா. கூடுதல் கட்டணம் செலுத்தினால் நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை முதலிய அண்டை நாடுகள் வரை நீட்டித் தருவார்கள், அதற்கு மேல் கிடையாது. இது முதல் எண்ணம்.

இரண்டாவது, "காரின் உரிமையாளர் அந்த நிறுவனம், மோதினால் அவர்கள்தானே பொறுப்பு" என்பது. நம் தீர்ப்பாயங்களில் ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துப் பார்த்த பழக்கத்தில் இப்படித் தோன்றுகிறது. இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கவே விடாது. நியூசிலாந்தில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமே இல்லை. கேட்டபோது எனக்கே நம்பச் சிரமமாக இருந்தது. ஆகவே காருக்கும் பிறர் சொத்துக்கும் ஏற்படும் சேதத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை நீங்கள் கையெழுத்திடும் வாடகை ஒப்பந்தம்தான் முடிவு செய்கிறது. சேதத்தில் முதல் இத்தனை ஆயிரம் டாலர் உங்களுடையது என்று அதில் எழுதியிருப்பார்கள். அந்தத் தொகைக்கு எக்ஸஸ் என்று பெயர். தினசரி ஒரு தொகை கூடுதலாகக் கட்டினால் அதைக் குறைத்துக்கொள்ளலாம், பூச்சியமாகவும் ஆக்கிக்கொள்ளலாம். உங்களுக்கு என் யோசனை பூச்சியமாக ஆக்கிக்கொள்வதுதான். கவுண்டரில் திரையை நீட்டி விரலால் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், பின்னால் வரிசை நிற்கும், நாமும் படிக்காமல் போட்டுவிடுவோம். ஒப்பந்தப் படிவத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் வாங்கி மகனோடு உட்கார்ந்து வாசித்துவிடுங்கள். டயர், கண்ணாடி, கூரை, அடிப்பாகம் இவற்றின் சேதமும், தவறான எரிபொருளை நிரப்பியதால் வரும் சேதமும் பல ஒப்பந்தங்களில் காப்பீட்டுக்கு வெளியே நிற்கும். குவீன்ஸ்டவுன் அருகிலுள்ள ஸ்கிப்பர்ஸ் சாலை போன்ற சில வழிகளில் வாடகைக் காரின் காப்பீடு செல்லாது. அந்தப் பெயர்களும் ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

மூன்றாவது, மருத்துவச் செலவு. இங்கேதான் உங்கள் துணைவியாரின் கோடிக் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது. அந்த நாட்டில் 1974 முதல் ஏ.சி.சி. என்னும் அரசு அமைப்பு, தவறு யாருடையது என்று பாராமல், விபத்தில் காயம்பட்ட அனைவருக்கும் உதவுகிறது. பெட்ரோல் விலையிலேயே அதற்கான ஒரு பங்கு அடங்கியிருக்கிறது. அதற்கு ஈடாக, காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு மோதியவர் மேல் வழக்குப் போடும் உரிமையைச் சட்டம் எடுத்துவிட்டது. என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஊரில் தொழில் இல்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். எனவே ஒருவருக்குக் கால் முறிந்தால் அவர் உங்கள் வீட்டை ஜப்தி செய்ய வருவார் என்ற பயம் வேண்டாம். உங்களுக்கோ துணைவியாருக்கோ அங்கே விபத்தில் அடிபட்டாலும், சுற்றுலா வந்தவர் என்று பாராமல் அங்குள்ள சிகிச்சைக்கு அந்த அமைப்பு உதவும். ஆனால் நெஞ்சுவலி, காய்ச்சல் போன்ற நோய்களுக்கு அது பொருந்தாது. ஊருக்குத் தூக்கிக்கொண்டு வரும் செலவையோ ரத்தான பயணச்சீட்டையோ தராது. பயணக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், சர்க்கரையை மறைக்காமல் எழுதி எடுக்க வேண்டும்.

கட்டணத்துக்கு டெபிட் கார்டு கொண்டுபோவதாக எழுதியிருக்கிறீர்கள். பல நிறுவனங்கள் முதன்மை ஓட்டுநர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டைத்தான் ஏற்கும். திருப்பிக் கொடுக்கும் வரை ஒரு தொகையை அதில் நிறுத்தியும் வைக்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை உங்கள் வங்கியில் சொல்லித் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். காரை எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு சக்கரம், நான்கு கதவு, எரிபொருள் முள், கிலோமீட்டர் எண் எல்லாவற்றையும் கைப்பேசியில் வீடியோ எடுத்துவிடுங்கள். நான் எடுக்காமல் விட்டேன். ஊர் திரும்பிய பதினோராம் நாள், சக்கர ரிம்மில் கீறல் என்று சொல்லி என் கார்டிலிருந்து பணம் எடுத்துக்கொண்டார்கள். அது நான் போட்ட கீறலா, எனக்கு முன்னால் ஓட்டியவர் போட்டதா என்று மெய்ப்பிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நீதிமன்றத்தில் சாட்சியம் சாட்சியம் என்று பேசித் திரிகிறவனுக்கு இந்தக் கதி.

மைத்துனர் ஓட்டுவது

ஒரே வரியில் முடியும். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்பீடு விலகிவிடும். காரின் முழு விலையும் கையெழுத்திட்ட உங்கள் தலையில் விழலாம். கூடுதல் ஓட்டுநர் கட்டணம் அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. அவர் பெயரைச் சேர்த்து, அவருக்கும் ஐ.டி.பி. எடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். இரவு விருந்தில் "அங்கே குடித்துவிட்டு ஓட்டினாலும் நம்மைவிட அளவு ஜாஸ்தியாம்" என்று மைத்துனர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கணக்கு சரிதான்: இங்கே 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம், அங்கே 20 வயதுக்கு மேற்பட்டவருக்கு 50 மில்லிகிராம். அங்கே சாலையோரம் நிறுத்தி ஊதச் சொல்வது வாடிக்கை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். குடிக்கிற நாளில் அவர் பின் இருக்கையில் உட்காரட்டும்.

விபத்து நேர்ந்துவிட்டால்

நம் பக்கத்தில் சிறிய மோதல் என்றால் அந்த இடத்திலேயே நாலு பேர் கூடி, பெரியவர் ஒருவர் பேசி, ஒரு தொகை கைமாறி, வழக்கில்லாமல் கலைந்துவிடுவோம். அங்கே அப்படிச் செய்யாதீர்கள். வண்டியை நிறுத்தி, யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று பார்த்து உதவுவது முதல் கடமை. அவசர எண் 111. யாருக்காவது காயம் என்றால் இயன்ற அளவு விரைவாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள், காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சொத்துச் சேதம் மட்டும் என்றால் அதன் உரிமையாளருக்கு 48 மணி நேரத்துக்குள் உங்கள் விவரங்களைத் தர வேண்டும். உரிமையாளர் யாரென்றே தெரியாவிட்டால் 60 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் சொல்ல வேண்டும். ஆளில்லாத இடத்தில் வேலியை இடித்துவிட்டு வருவதும் இதில் சேரும். வாடகை நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். எதிர்த் தரப்பிடம் பணம் கொடுப்பதோ, "தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்திடுவதோ வேண்டாம். காப்பீட்டாளர் அதையே காரணமாக வைத்து ஒதுங்கக்கூடும்.

நஷ்டஈட்டு வழக்கு இல்லை என்றேன். குற்ற வழக்கு உண்டு. கவனக்குறைவாக ஓட்டி ஒருவருக்குக் காயமோ மரணமோ விளைவித்தால், 1998-ஆம் ஆண்டுத் தரைவழிப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 4,500 நியூசிலாந்து டாலர் வரை அபராதம், குறைந்தது ஆறு மாதம் ஓட்டத் தடை. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு தொகை தரும்படியும் நீதிமன்றம் ஆணையிடலாம். நிர்ணயித்த வேகத்தைவிட 40 கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகப் போனால் காவலர் அந்த இடத்திலேயே உரிமத்தை 28 நாள் நிறுத்திவைக்கலாம். உங்கள் மூன்று வாரமும் அதில் போய்விடும்.

ஊர் திரும்ப விடுவார்களா என்ற கேள்விக்கு இரண்டு பதில். வெறும் தகரச் சேதம், வேக அபராதம் என்றால் யாரும் தடுக்கப் போவதில்லை. அபராதச் சீட்டு வாடகை நிறுவனத்துக்குப் போய், அவர்கள் தங்கள் அலுவலகக் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுப்பார்கள். ஒருவருக்குப் பலத்த காயம், குற்றச்சாட்டு பதிவாகிவிட்டது என்றால் வழக்கு முடியும்வரை கடவுச்சீட்டை ஒப்படைக்கும்படி பிணை நிபந்தனை வரலாம். அப்போது உங்களுக்கு உள்ள உரிமைகளை மகனிடம் சொல்லி வையுங்கள்: காவலில் வைக்கப்பட்டவர் தாமதமின்றி வழக்கறிஞரோடு பேசலாம், முதல்முறை நீதிமன்றத்துக்குப் போகும்போது கட்டணமில்லாமல் உதவும் பணிமுறை வழக்கறிஞர் அங்கேயே இருப்பார், ஆங்கிலம் முழுதாகப் பிடிபடாவிட்டால் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், வெலிங்டனில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லலாம். "எனக்கு ஆங்கிலம் தெரியும்" என்ற கௌரவத்தில் மொழிபெயர்ப்பாளரை மறுத்துவிடாதீர்கள். வங்கி ஆங்கிலம் வேறு, குற்றச்சாட்டு வாசிக்கும் ஆங்கிலம் வேறு.

மில்ஃபோர்டும் உங்கள் துணைவியாரும்

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்காப்போ, அங்கிருந்து குவீன்ஸ்டவுன் வரை நீங்கள் தாராளமாக ஓட்டலாம். மொத்தம் ஏறக்குறைய 480 கிலோமீட்டர். இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டால் நல்ல சாலை, நல்ல காட்சி. மில்ஃபோர்டு வேறு கதை. குவீன்ஸ்டவுனிலிருந்து போகவே ஏறக்குறைய 290 கிலோமீட்டர், திரும்பி வர மறுபடியும் அவ்வளவு. வழியிலுள்ள டே ஆனா என்ற ஊரைத் தாண்டிய கடைசி 120 கிலோமீட்டரில் பெரும்பகுதிக்குக் கைப்பேசித் தொடர்பு இருக்காது. ஹோமர் சுரங்கம் 1.2 கிலோமீட்டர் நீளம், குறுகலானது, உள்ளே சரிவு. மாஞ்சோலையில் கொண்டை ஊசி வளைவு உங்களுக்குப் பழக்கம்தான்; ஆனால் அங்கே எதிரே வந்தவர் எஸ்டேட் ஜீப்காரர், உங்களைத் தெரிந்தவர். இங்கே எதிரே வருவதும் உங்களைப் போலவே வாடகைக் காரில், மலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டும் இன்னொரு வெளியூர்க்காரராக இருப்பார். குவீன்ஸ்டவுனிலிருந்து தினமும் சுற்றுலாப் பேருந்துகள் போய்வருகின்றன. கண்ணாடிக் கூரை உள்ள பேருந்தில் உட்கார்ந்து பார்த்தால் அருவிகள் உங்களுக்கும் தெரியும். ஓட்டினால் மற்ற மூவருக்குத்தான் தெரியும். சுரங்க வாயிலில் வண்டி நிற்கும்போது கியா என்னும் பச்சை மலைக்கிளிகள் வந்து கார்களின் கண்ணாடி ரப்பரைக் கொத்திப் பிய்க்கும். பாபநாசத்துக் குரங்குகளின் வேலையை அங்கே அவை பார்க்கின்றன. பேருந்தில் இருந்தால் அதையும் சிரித்துக்கொண்டே பார்க்கலாம், எக்ஸஸ் கணக்கில் அது சேருமா என்ற யோசனை வராது.

துணைவியாரிடம் காட்டுவதற்கு ஏற்றபடி எழுதச் சொன்னீர்கள். அவருடைய கோடிக் கணக்கு பிசகு. உங்களை நம்பாதது பிசகு என்று என்னால் சொல்ல முடியவில்லை. முன் இருக்கையில் அவரை உட்கார வைத்து, ஒவ்வொரு ஒற்றைப் பாலத்துக்கும் முன்னால் பலகையை வாசித்துச் சொல்லும் வேலையை அவரிடம் கொடுங்கள். அதற்கு முன்பாக, மில்ஃபோர்டுக்குப் பேருந்தில் போகலாம் என்ற இந்தப் பத்தியை முதலில் காட்டிவிட்டு, மற்றதைப் பிறகு காட்டுங்கள்.